விலை உயர்ந்த சைக்கிளும் கடைப் பாலிசியும்

நமது உறுப்பினர் ஒருவர், மளிகைக் கடை வைத்திருப்பவர், சில நாட்களுக்கு முன் சங்க அலுவலகத்திற்கு வந்தார். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு ரூ.42,000 கொடுத்து கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறார். பையன் மாலையில் அதைக் கடை வாசலில் நிறுத்தி விட்டு, தந்தைக்கு உதவியாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து பார்த்தால் சைக்கிள் இல்லை. கடைக்குத்தான் பாலிசி இருக்கிறதே என்று இவர் தைரியமாக இருந்தார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கேட்டதற்கு, அட்டவணையில் சைக்கிளுக்கு நேராகத் தொகை ஏதும் இல்லை என்று சொல்லி விட்டார்கள். பாலிசியை வாங்கிப் பார்த்தோம். அவர்கள் சொன்னது சரிதான். சைக்கிள் பிரிவு என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேராக வெறும் கோடு!

நம்மில் பலருடைய பாலிசியும் இப்படித்தான் இருக்கும் என்பதால் இதை விளக்கமாக எழுதுகிறோம்.

முதலில், சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் தேவையா? சட்டப்படி கட்டாயம் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் கட்டாயக் காப்பீடு மிதிவண்டிக்குப் பொருந்தாது. ஆகவே இது நம் லாப நஷ்டக் கணக்கைப் பொறுத்தது. பழைய கடைச் சைக்கிள் ஒன்று போனால் வேறொன்று வாங்கி விடலாம். அதற்குப் பிரீமியம் கட்டுவதை விட நல்ல பூட்டும் சங்கிலியும் வாங்குவது மேல் என்பதே எங்கள் கருத்து. ஆனால் நாற்பதாயிரம், அறுபதாயிரம் என்று விலை போகும் சைக்கிள் ஒரு சிறு கடையின் ஒரு மாத லாபத்தையே விழுங்கி விடும். அதைப் பாதுகாப்பில்லாமல் வைத்திருப்பது கடைச் சரக்கைத் தெருவில் வைத்து விட்டு வீட்டுக்குப் போவது போலத்தான்.

இதற்காகத் தனிப் பாலிசி தேடி அலைய வேண்டியதில்லை. கடைக்காரர்களுக்கான பேக்கேஜ் பாலிசி பொதுத்துறை நிறுவனங்களில் பல காலமாக இருந்து வருகிறது. தீ, கொள்ளை, பணம், கண்ணாடி, பெயர்ப் பலகை என்று பல பிரிவுகள் உள்ள அதில் மிதிவண்டிக்கும் ஒரு பிரிவு உண்டு. வீட்டுச் சாமான்களுக்கான பேக்கேஜ் பாலிசியிலும் அப்படியே. எந்தப் பிரிவுக்குத் தொகை எழுதிப் பிரீமியம் கட்டுகிறோமோ அந்தப் பிரிவு மட்டுமே உயிரோடு இருக்கும்.

வங்கிக் கடனுக்காக எடுத்த பாலிசியை நம்பியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1.4.2021 முதல் ரூ.5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு வந்திருக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ நல்ல பாலிசிதான். ஆனால் அது தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கானது. அப்படி ஒரு விபத்து நடந்து அதைத் தொடர்ந்து ஏழு நாட்களுக்குள் திருட்டுப் போனால்தான் அதில் இடமுண்டு. வாசலில் நின்ற சைக்கிள் சும்மா காணாமல் போவதற்கு இல்லை.

கொள்ளைப் பிரிவு இருக்கிறதே என்பார்கள் சிலர். பூட்டை உடைத்தோ, சுவரில் துளை போட்டோ, ஆளை மிரட்டியோ எடுத்துச் சென்றால்தான் பெரும்பாலான பாலிசிகளில் அது கொள்ளை. வணிக நிறுவனம் ஒன்றின் சரக்குத் திருட்டு வழக்கில், பாலிசியில் பலாத்காரம் என்று எழுதியிருந்தால் பலாத்காரம் நடந்திருக்க வேண்டும், வெறும் திருட்டு போதாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்புச் சொல்லி விட்டது. சைக்கிள் என்பது பெரும்பாலும் சத்தமில்லாமல் போகும் பொருள். எனவே திருட்டையும் விபத்தையும் ஏற்கும் மிதிவண்டிப் பிரிவுதான் நமக்கு வேண்டியது. இதே பிரிவில், சைக்கிள் மோதி வழியில் போனவருக்குக் காயம் ஏற்பட்டால் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டையும் ஒரு வரம்பு வரை பல நிறுவனங்கள் ஏற்கின்றன. வரம்பு எவ்வளவு என்று கேட்டுக் கொள்ளவும்.

அடுத்தது, சைக்கிள் யாருடையது என்ற கேள்வி. கடைப் பையன் டோர் டெலிவரிக்கு ஓட்டுவது கடையின் சொத்து; பில் கடை பெயரில் இருக்கட்டும், கணக்கிலும் ஏறட்டும், பிரீமியமும் கடைச் செலவாகும். மகன் கல்லூரிக்கு ஓட்டுவது வீட்டுச் சொத்து. அதை வரிக்காகக் கடைக் கணக்கில் எழுதுவது நம்மிடையே சகஜம். ஆனால் சர்வேயர் வந்து “சம்பவத்தின்போது யார் ஓட்டினார்? எதற்காக?” என்று கேட்கும்போது வாய் அடைத்துப் போகும். வீட்டுச் சைக்கிளை வீட்டுப் பாலிசியில் சேர்ப்பதே நேர் வழி.

தொகையைக் குறைத்து எழுதிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ரூ.40,000 பெறும் சைக்கிளை ரூ.20,000 என்று எழுதி, ரூ.8,000 சேதம் வந்தால், சராசரி விதிப்படி ரூ.4,000தான் கிடைக்கும். பாதிக்கு இன்சூர் செய்தவர் மீதிப் பாதிக்குத் தாமே இன்சூரன்ஸ் கம்பெனி என்பது கணக்கு. அதிலும் தேய்மானம் கழிப்பார்கள். ‘எக்ஸஸ்’ என்று நாம் தாங்க வேண்டிய முதல் தொகையும் இருந்தால் அதுவும் போகும்.

முன்பு நகராட்சியில் சைக்கிளுக்கு லைசென்ஸ் கட்டி வில்லை மாட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது பதிவும் இல்லை, ஆர்.சி. புத்தகமும் இல்லை. சைக்கிளுக்கு ஒரே அடையாளம் பிரேம் நம்பர். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்து எழுதி, பில்லிலும் பாலிசி அட்டவணையிலும் ஏற்றச் சொல்ல வேண்டும். ‘சைக்கிள் ஒன்று’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் பில்லை வாங்காதீர்கள்.

எதற்கெல்லாம் பணம் வராது என்பதையும் தெரிந்து கொள்வோம். சைக்கிள் இருக்க, விளக்கையும் மீட்டரையும் மட்டும் கழற்றிச் சென்றால் வராது. தேய்மானம், பந்தயத்தில் ஓட்டியது, வாடகைக்கு விட்டது இவற்றுக்கும் வராது. அதிகப் பாரமும் விலக்கில் உண்டு. மூன்று அரிசிச் சிப்பத்தை ஏற்றி போர்க் வளைந்தால் அது நம் தலையில்தான்.

பேட்டரி சைக்கிள் வாங்குபவர்கள் மோட்டார் 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்கும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கும் உட்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது மோட்டார் வாகனம். பதிவும் கட்டாய இன்சூரன்சும் வேண்டும். வரம்புக்குள் இருந்தாலும் ‘மிதிவண்டி’ என்ற சொல்லில் பேட்டரி வண்டி அடங்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வைக்கவும். ஏஜெண்ட் வாயால் சொன்னது கிளெய்ம் நேரத்தில் உதவாது. இரவில் அதைக் கிடங்கில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே சார்ஜ் போடும் பழக்கத்தையும் விட்டு விட வேண்டும்.

சைக்கிள் திருட்டுப் போனால் அன்றே காவல் நிலையத்திற்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்திற்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நம்மூர் நிலையங்களில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவது வழக்கம். திருட்டுக் கிளெய்முக்கு நிறுவனங்கள் எப்.ஐ.ஆர். நகலையும், பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழையும் கேட்கின்றன. சைக்கிள்தானே என்று அலட்சியமாகப் பேசினாலும் விடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

நியாயமான கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்திற்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தனிநபர்களோடு, தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் எடுத்த பாலிசிகளையும் 2017ஆம் ஆண்டு விதிகள் ஏற்கின்றன. கூட்டு வியாபாரம் செய்பவர்கள் குறுந்தொழிலாகப் பதிவு செய்த சான்றை எடுத்து வைத்துக் கொள்வது நல்லது.

மேலே சொன்ன உறுப்பினர் இழந்த ரூ.42,000 திரும்ப வரவில்லை. மகனுக்கு இப்போது வேறு சைக்கிள் வாங்கியிருக்கிறார். இம்முறை பில்லையும் பிரேம் நம்பரையும் எங்களிடம் காட்டி, வீட்டுப் பாலிசியில் முழுத் தொகைக்கு எழுதிய பிறகே பையனிடம் சாவியைக் கொடுத்தார்.