வெடித்த மண்... சுழலும் பந்து... வெஸ்ட் இண்டீஸுக்குக் கைகொடுக்குமா ஸ்பின் பிட்ச்?

பருத்தி எடுத்து முடித்த பெரம்பலூர் காடுகளைச் சித்திரை வெயிலில் பார்த்திருக்கிறீர்களா? கால் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டுக் கிடக்கும் கரிசல் மண். பள்ளி விடுமுறையில் அங்கே ஸ்டம்பு நட்டு ஆடும் பையன்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லித்தராமலே பழகிவிடும். வெடிப்பின் விளிம்பில் விழுந்த பந்து எந்தப் பக்கம் போகும் என்று பவுலருக்கே தெரியாது! கிழக்கே அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் முந்திரி விளையும் செம்மண். அங்கே பந்தின் குணமே வேறு. எழும்பி வரும்.

கோடிகள் புரளும் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் கணக்கு இதேதான். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதில் போட்ட பிட்ச்சில் பந்து தாழ்வாக, மெதுவாக வந்து திரும்பும். செம்மண் பிட்ச்சில் பவுன்ஸ் கிடைக்கும். மேல்மண் பெயர ஆரம்பித்ததும் பந்து வேகமாகத் திரும்பும். சென்னை சேப்பாக்கத்தில் இரண்டு வகை பிட்ச்களும் உண்டு.

இந்த மண் கதை இப்போது கடல் தாண்டிக் கரீபியன் வரை போகிறது. 2025 ஜூலை 14 அன்று ஜமைக்காவின் சபைனா பார்க்கில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வெஸ்ட் இண்டீஸ் வெறும் 27 ரன்னுக்கு ஆல் அவுட். மிட்செல் ஸ்டார்க் 9 ரன் கொடுத்து 6 விக்கெட். சொந்த ஊரில், வேகப்பந்துக்கு ஏற்ற சூழலில், ஒரு காலத்தில் உலகத்தையே வேகத்தால் மிரட்டிய அணிக்கு இந்த நிலை. 'வேகம் போதும், இனி உள்ளூர் பிட்ச்களைச் சுழலுக்கு மாற்றி அணியை வளர்த்தால் என்ன?' என்ற கேள்வி எழுவது நியாயம்தான்.

திசை மாறிய 1976

வெஸ்ட் இண்டீஸ் என்றாலே வேகம் என்று நினைப்பது பாதி உண்மை. டெஸ்ட்டில் 300 விக்கெட்டைத் தாண்டிய முதல் ஸ்பின்னர் கயானாவின் லான்ஸ் கிப்ஸ். மொத்தம் 309 விக்கெட். டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் பிட்ச் சுழலுக்குப் பேர்போனது. 1971-ல் வெஸ்ட் இண்டீஸை இந்தியா முதன்முதலாக டெஸ்ட்டில் வென்றது அங்கேதான். அந்த டெஸ்ட்டின் இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தவர் நம் சென்னையின் வெங்கட்ராகவன்.

கதை திரும்பியதும் அதே மைதானத்தில்தான். 1976 ஏப்ரலில் கேப்டன் கிளைவ் லாயிட் மூன்று ஸ்பின்னர்களோடு இறங்கினார். கிப்ஸ் ஓய்வுபெற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியாவுக்கு இலக்கு 403. கவாஸ்கர் 102, விஸ்வநாத் 112 அடிக்க, 4 விக்கெட் இழப்புக்கு 406 எடுத்து இந்தியா ஜெயித்துவிட்டது. அதன் பிறகு லாயிட் நம்பியது நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை. 1980 தொடங்கி 1995 வரை ஒரு டெஸ்ட் தொடரைக்கூட அவர்கள் தோற்கவில்லை. அப்படியொரு வெற்றி கிடைத்த பிறகு ஸ்பின்னரை யார் தேடுவார்கள்? டி20-யில் உலகமே கொண்டாடும் சுனில் நரைன் ஆடியது மொத்தமே 6 டெஸ்ட்.

ஆனாலும் கயானாவும் டிரினிடாடும் ஸ்பின்னர்களைத் தந்துகொண்டேதான் இருந்தன. கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகள் வாழும் நாடுகள் அவை. கயானாவின் இடக்கை ஸ்பின்னர் ஒருவரின் பெயர் வீராசாமி பெருமாள். நம் பக்கத்து ஊர்க்காரர் பெயர் மாதிரி இல்லை? 2021-ல் இலங்கையின் காலி மைதானத்தில் ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார்.

சேப்பாக்கம் வைத்த பரீட்சை

சுழல் பிட்ச் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு வெஸ்ட் இண்டீஸ் சம்பந்தப்பட்ட சாட்சியே சென்னையில் இருக்கிறது. 1988 ஜனவரி, பொங்கல் நேரம். விவியன் ரிச்சர்ட்ஸ் தலைமையிலான அணிக்கு, முதல் நாளே புழுதி கிளம்பும் பிட்ச்சோடு காத்திருந்தது சேப்பாக்கம். அறிமுக வீரர் நரேந்திர ஹிர்வானிக்கு 19 வயது. முதல் இன்னிங்ஸில் 8, இரண்டாவதில் 8. மொத்தம் 136 ரன்னுக்கு 16 விக்கெட். இறங்கி அடிக்க வந்து ஏமாந்தவர்களை கிரண் மோரே வரிசையாக ஸ்டம்பிங் செய்தார், ஒரே இன்னிங்ஸில் 5 பேரை. அதே டெஸ்ட்டில் அறிமுகமான சென்னையின் டபிள்யூ.வி.ராமன் இரண்டாவது இன்னிங்ஸில் 83 ரன் எடுத்தார். இந்தியா 255 ரன்னில் வென்றது, தொடர் 1-1 என முடிந்தது.

அப்புறம்? ஹிர்வானி முதல் 4 டெஸ்ட்களில் எடுத்தது 36 விக்கெட். அடுத்த 13 டெஸ்ட்களில் 30. நாலே டெஸ்ட்டில் பிட்ச் தூக்கிவிட்ட ஸ்பின்னர், பிட்ச் உதவாத இடங்களில் திணறிவிட்டார்.

தமிழ்நாடு அணியின் கதையிலும் இதன் சாயல் உண்டு. ஹிர்வானி கலக்கிய அதே 1987-88 சீசனில்தான், இடக்கை ஸ்பின்னர் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது. அதன் பிறகு கோப்பை வரவேயில்லை. 2023-24 சீசனில் சாய் கிஷோர் 53 விக்கெட் குவித்தார். கோவையில் நடந்த காலிறுதியில் சவுராஷ்டிராவை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் சுருட்டினார்கள். அடுத்து மும்பையில் அரையிறுதி. முதல் நாளே 146 ஆல் அவுட். பதிலுக்கு மும்பையை 106-க்கு 7 என்று தள்ளியும், ஷர்துல் தாக்கூரின் சதத்தில் எல்லாம் கைநழுவி, இன்னிங்ஸ் தோல்வி. ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் வெளியூர் பிட்ச்சில் பேட்டிங் ஆட்டம் கண்டது கண்ணெதிரே தெரிந்தது.

முல்தான் சொன்ன சேதி

ஸ்பின் பிட்ச் தயாரிப்பதில் பெரிய ரகசியம் இல்லை. மண்ணைப் பிடித்துவைப்பது புல்லின் வேரும் ஈரமும். புல்லை மழித்து, மேட்ச்சுக்கு முன்பே தண்ணீரை நிறுத்தினால் வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பாகிஸ்தான் இன்னும் ஒரு படி மேலே போனது. 2024 அக்டோபரில் முல்தானில் இங்கிலாந்து 823 ரன் குவித்த அதே பிட்ச்சை ராட்சத ஃபேன் வைத்துக் காயவைத்து, அதிலேயே அடுத்த டெஸ்ட்டை ஆடியது. சஜித் கானும் நோமன் அலியும் 20 விக்கெட்டையும் பங்குபோட்டார்கள். தொடர் 2-1 என்று கைக்கு வந்தது.

மூன்றே மாதத்தில் அங்கே போய் இறங்கியது வெஸ்ட் இண்டீஸ். முதல் டெஸ்ட்டில் தோல்வி. இரண்டாவதில் முதல் நாளே இரு அணிகளுமாக 20 விக்கெட்டைப் பறிகொடுத்தன. கடைசியில் 120 ரன்னில் வென்றது வெஸ்ட் இண்டீஸ்! 1990-க்குப் பிறகு பாகிஸ்தான் மண்ணில் அவர்களுக்கு முதல் டெஸ்ட் வெற்றி. இடக்கை ஸ்பின்னர் ஜோமல் வாரிகன் இரண்டு டெஸ்ட்டில் 19 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். குழி பறித்தவர்களே விழுந்தார்கள்.

இந்தியாவும் தப்பவில்லை. 2024-ல் நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் 0-3. அதில் புனேயில் சான்ட்னர் 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் படேல் 11 விக்கெட். 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124 ரன்னைத் துரத்தி 93-க்குச் சுருண்டது. முதல் நாளே வெடிக்கும் பிட்ச்சில் சுமாரான ஸ்பின்னரும் ஆபத்தானவர் ஆகிவிடுகிறார். நல்ல ஸ்பின்னர் வைத்திருக்கும் அணிக்கு அதனால் கிடைக்கும் லாபம் குறைந்துபோகிறது.

வெஸ்ட் இண்டீஸுக்கு இன்று ஸ்பின்னர் பஞ்சம் இல்லை. 2025 அக்டோபரில் மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் 50 ஓவர்களையும் ஸ்பின்னர்களே வீசினார்கள். ஆட்டம் டை ஆகி, சூப்பர் ஓவரில் வென்றார்கள். அவர்களுக்குத் தேவை, சுழலை நாள் முழுக்க நின்று ஆடும் பேட்டர்கள். அவர்களை இரண்டரை நாளில் முடியும் புழுதிக்களம் உருவாக்காது. முதல் இரண்டு நாள் ரன் கிடைத்து, மூன்றாவது நாளிலிருந்து மெதுவாகத் திரும்பும் பிட்ச்கள் வேண்டும். அதுவும் சர்வதேச டெஸ்ட்டுக்கு மட்டும் போதாது. கயானாவும் பார்படாஸும் மோதும் உள்ளூர் நான்கு நாள் ஆட்டங்களிலேயே அப்படிப்பட்ட பிட்ச்கள் இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு சின்ன சாம்பிளும் கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபரில் அகமதாபாத்தில் இன்னிங்ஸ் தோல்வி அடைந்த கையோடு டெல்லிக்கு வந்தது வெஸ்ட் இண்டீஸ். கரிசல் மண் பிட்ச், மெதுவான சுழல். முதல் இன்னிங்ஸில் குல்தீப் யாதவ் 5 விக்கெட் எடுக்க, ஃபாலோ ஆன். இரண்டாவது இன்னிங்ஸில் ஜான் கேம்ப்பெல் 115, ஷாய் ஹோப் 103, அணி 390. கேம்ப்பெல்லுக்கு அதுதான் முதல் டெஸ்ட் சதம். ஜடேஜா பந்தை சிக்ஸருக்குத் தூக்கி அதை எட்டினார். இந்தியா ஜெயித்தது, ஆனால் ஐந்தாம் நாள் காலை வரை காத்திருந்துதான்.