எம்பி4 என்பது பெட்டியின் பெயர்

கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினால் சத்தம் மட்டும் வருகிறது, படத்தைக் காணோம். “எம்பி4 ஃபைல்தானே?” என்று வீடே குழம்புகிறது.

எம்பி4, எம்கேவி எல்லாம் வெறும் பெட்டிகள். படமும் ஒலியும் அதற்குள் தனித்தனியாகக் கிடக்கின்றன. படத்தைச் சுருக்கிய முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ஒரு எம்பி4-க்குள் 2003-இல் வந்த எச்.264 இருக்கலாம், 2013-இல் வந்த எச்.265-உம் இருக்கலாம். பழைய டிவிக்குப் பின்னது பிடிபடாது.

சுருக்காமலே வைத்தால் என்ன? 1920-க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படங்கள் என்று பெருக்கிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 560 ஜிபி! அதனால் கோடெக் ஒரு படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் எழுதுகிறது. மேடை அலங்காரம் அசையாது, செலவும் இல்லை. அட்சதை விழும் நொடியில்தான் திரை முழுக்க மாறுகிறது. பிட்ரேட், அதாவது நொடிக்கு ஒதுக்கிய தரவின் அளவு, போதாத ஃபைல் அங்கே கட்டம் கட்டமாக உடையும். வீடியோவின் தரம் பார்க்க நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

சொந்தபந்தங்களுக்கு அனுப்ப எச்.264, ஏஏசி ஒலி, எம்பி4 பெட்டி போதும். ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். எச்.265 அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் தரும். ஆனால் அதன் காப்புரிமைக் கட்டணச் சிக்கல் பெரிது. அதைத் தவிர்க்கத்தான் கூகுள், நெட்ஃபிளிக்ஸ் முதலிய நிறுவனங்கள் கூடி 2018-இல் ஏவி1-ஐக் கட்டணமின்றி வெளியிட்டன. யூடியூபில் அதை நீங்கள் தெரியாமலே பார்த்திருக்கலாம்.

பாதுகாத்து வைப்பது வேறு கதை. இந்தக் கோடெக்குகளில் மறுபடி மறுபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் கொஞ்சம் போகும். போனது போனதுதான், பிறகு ஃபைலைப் பெரிதாக்கினாலும் திரும்பாது. பெட்டி மட்டும்தான் பிரச்சினை என்றால் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ‘காப்பி’ முறையைப் பயன்படுத்துங்கள். படத்தைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றித் தரும். அப்பா அம்மா கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட்டை டிஜிட்டலாக்குகிறீர்களா? ஒரு புள்ளியும் இழக்காத எஃப்எஃப்வி1 கோடெக்கில், எம்கேவி பெட்டியில் ஒரு மூலப்பிரதி கேளுங்கள். ஆவணக் காப்பகங்கள் நம்பும் முறை அது. இடம் நிறையப் பிடிக்கும், பிடிக்கட்டும். கேசட்டின் காந்தப் பூச்சு ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டிருக்கிறது.

புதுக் கல்யாணமென்றால், வீடியோக்காரரிடம் எடிட்டிங் முடித்து எடுத்த முதல் ஃபைலையே ஹார்டு டிஸ்கில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை மூலமென்று வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வீடியோவாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்பட்டே வந்து சேர்கிறது.