பார்வையிழந்த கோழிக்கும் பகல் தெரியும்

நன்றாக இரை மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று, ஒரு நாள் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறது. தானியத்தை இறைத்தால் மற்றவை ஓடி வருகின்றன, அது வருவதில்லை. வந்தாலும் தானியம் கிடக்கும் இடத்தை விட்டு வெறுந்தரையைக் கொத்துகிறது. கையை அருகில் கொண்டுபோனால் விலகுவதில்லை. தொட்டவுடன் அலறித் துள்ளுகிறது. "கண் போய்விட்டது. இனி இது குழம்புக்குத்தான்!" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த முடிவு சரிதானா? கோழியின் கண் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு விடை காண்போம்.

நமக்குத் தெரியாத நிறம்

நிறங்களைப் பிரித்தறிய நம் விழித்திரையில் மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. கோழிக்கு நான்கு வகைகள்! நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியின் ஒரு பகுதியும் அதற்குத் தெரியும். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 300 பாகை வரை அதனால் பார்க்க முடிகிறது. ஆனால் இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பரப்பு, அலகுக்கு முன்னால் ஒரு குறுகிய பகுதி மட்டுமே. மேலும், கோழி பகற்பறவை. அந்தி மயங்கினால் அதன் பார்வையும் மங்கிவிடும். பொழுது சாயுமுன் அது கூட்டுக்குத் திரும்புவதன் காரணம் இதுவே.

இரு கண்களுக்கும் வேலை ஒன்றல்ல என்பது வியப்பான செய்தி. அடைகாக்கும் 21 நாள்களின் கடைசிக் கட்டத்தில், முட்டைக்குள் இருக்கும் குஞ்சு தன் தலையைத் திருப்பி வைத்திருக்கும். அப்போது இடக்கண் உடலோடு ஒட்டி மறைந்துவிடும். வலக்கண் ஓட்டை நோக்கியிருக்கும். ஓட்டின் வழியே கசியும் ஒளி வலக்கண்ணில் மட்டுமே படுகிறது. இதன் விளைவை ஆஸ்திரேலிய அறிவியலாளர் லெஸ்லி ராஜர்ஸ் 1982-இல் விளக்கினார். ஒளிபட்ட முட்டையிலிருந்து வரும் குஞ்சு, தானியத்தையும் சிறு கல்லையும் பிரித்தறிய வலக்கண்ணையே பெரிதும் நம்புகிறது. வானில் பருந்து வட்டமிடுகிறதா என்று காவல் காப்பது இடக்கண்.

எனவே, ஒரு கண் மட்டும் பழுதானால் எந்தக் கண் என்று அறிவது பயனுள்ளது. வலக்கண் பழுதான கோழிக்குத் தரையில் இரை இறைக்காமல் தட்டில் வைக்க வேண்டும். இடக்கண் பழுதான கோழியைத் திறந்த வெளியில் காவலின்றி விடக்கூடாது.

எளிய சோதனை

கோழியின் ஒரு பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடித் தகட்டைப் பிடியுங்கள். அதற்கு அப்பாலிருந்து உங்கள் விரலை ஓசையின்றிக் கண்ணை நோக்கி விரைவாகக் கொண்டு வாருங்கள். பார்வை இருந்தால் கோழி இமைக்கும் அல்லது தலையை இழுக்கும். கண்ணாடி எதற்கு? கை அசையும்போது காற்றும் அசைகிறது. அந்தக் காற்று கண்ணில் பட்டால், பார்வையற்ற கோழியும் இமைக்கும்! ஒரு சோதனையில் நாம் அளக்க நினைப்பதை மட்டும் அளப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதே போல மறுபக்கமும் செய்து பாருங்கள்.

கைவிளக்கைக் கண்ணில் அடித்துப் பாவை சுருங்குகிறதா என்று பார்ப்பது கோழியிடம் அவ்வளவாகப் பயன்படாது. பறவைகள் தம் பாவையைத் தாமாகவே சுருக்கி விரிக்கக்கூடியவை.

காரணங்கள் பல

கோழி அம்மை கண்டால் இமைகளில் பொருக்குகள் தோன்றிக் கண் மூடிக்கொள்ளும். இதைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரும் பங்குண்டு. இமையில் மட்டும் அம்மை கண்ட கோழி, சில வாரங்களில் பொருக்கு உதிர்ந்து மீண்டும் பார்வை பெறலாம். அதுவரை பட்டினியால் சாகாமல் காப்பதே நம் வேலை.

வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணில் நீர் வடியும், இமைகள் ஒட்டும், உள்ளே தயிர்க்கட்டி போன்ற பொருள் சேரும். முருங்கைக்கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் இக்குறை வராமல் காக்கும்.

ஈரமான எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா இன்னொரு பகைவன். அது கண்ணீரில் கரைந்து காரமாகிக் கண்ணின் மேற்படலத்தை அரிக்கும். கூட்டுக்குள் குனிந்ததும் உங்கள் மூக்கு எரிகிறதா? அந்தக் காற்றிலேதான் கோழி இரவு முழுவதும் இருக்கிறது! கூட்டை உலர்வாக வைத்துக் காற்றோட்டம் தந்தால் போதும்.

மாரெக் நோய் கொடியது. ஹங்கேரி நாட்டு கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907-இல் இதை விவரித்தார். இது கண்ணைத் தாக்கினால் கருவிழி சாம்பல் நிறமாகிப் பாவையின் விளிம்பு கோணலாகும். இதற்கு மருந்து இல்லை. குஞ்சு பொரித்தவுடன் போடும் தடுப்பூசி உண்டு. ஆகவே, கண்ணில் கோளாறு கண்டவுடன் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காரணத்தை அறிவதே முதற்கடமை.

பராமரிப்பது எப்படி?

பார்வையிழந்த கோழிக்கு இடம் மாறாமையே பெரிய உதவி. இரையும் நீரும் என்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். தட்டு கனமானதாகவும் விளிம்பு உள்ளதாகவும் இருக்க வேண்டும். அதில் நொய்யையோ கம்பையோ இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நிரப்புங்கள். எங்கே கொத்தினாலும் இரை கிடைக்கும். அலகின் நுனியில் தொடு உணர்வு உறுப்புகள் இருப்பதால், இரை இருக்குமிடத்தை அது விரைவில் பழகிக்கொள்ளும். இரை வைக்கும்போது தட்டை இருமுறை தட்டுங்கள்; அந்த ஓசையே அழைப்பு மணி. தண்ணீர்ப் பாத்திரம் ஆழமற்றதாக இருக்கட்டும். மாலையில் கழுத்தடியிலுள்ள இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். அது நிறைந்திருந்தால் கோழி வயிறாரத் தின்றது என்று பொருள்.

உயரமான கம்பில் அதை அடைய விடக்கூடாது. ஏன் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² எனக் கொள்வோம். 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தரையை மோதும். கோழியின் எடை 2 கிலோகிராம் என்றால் அதன் இயக்க ஆற்றல் 25 ஜூல். உயரம் 20 சென்டிமீட்டரானால் வேகம் 2 மீட்டர். ஆற்றல் 4 ஜூல் மட்டுமே. பார்வையுள்ள கோழி தரை நெருங்குவதைக் கண்டு சிறகடித்து வேகத்தைத் தணிக்கும். பார்வையற்றதற்குத் தரை எப்போது வரும் என்று தெரியாதல்லவா?

கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு. இதை நார்வே நாட்டு ஷெல்டெரப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் விளக்கினார். எதிரியின் மிரட்டலைக் காண முடியாத கோழி விலகிப்போகத் தெரியாமல் கொத்து வாங்கும். எனவே அதைப் பஞ்சாரத்திலோ வலைத்தடுப்புக்கு அப்பாலோ வையுங்கள். மற்றவற்றின் குரல் கேட்கட்டும். சாதுவான ஒரு கோழியைத் துணைக்கு விட்டால் இன்னும் நல்லது. அதைத் தூக்குமுன் குரல் கொடுங்கள்.

மண்டை ஓட்டின் வழியே ஒளி

"கண்தான் தெரியவில்லையே, இருட்டறையில் வைத்தால் என்ன?" என்று கேட்கலாம். வைக்கக்கூடாது! பறவைகளின் மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் செல்கள் உள்ளன. கண்கள் நீக்கப்பட்ட வாத்துகளிலும் பகல் நீள்வதற்கேற்ப இனப்பெருக்க உறுப்புகள் வளர்வதை, பிரெஞ்சு அறிவியலாளர் ழாக் பெனுவா 1930-களில் காட்டினார். மெல்லிய மண்டை ஓட்டைக் கடந்து ஒளி உள்ளே செல்கிறது. நம்ப முடியவில்லையா? இருட்டில் கைவிளக்கை உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள். விரல்கள் செந்நிறமாக ஒளிரும். நீல ஒளி பெரிதும் உட்கவரப்படுகிறது; சிவப்பு ஒளி தசையை ஊடுருவி வெளியே வருகிறது. கோழியின் மூளையையும் இவ்வாறே ஒளி எட்டுகிறது. பகல் நீண்டிருப்பதை மூளை உணர்ந்தால் முட்டையிடுவதற்கான சுரப்புநீர்கள் ஊறுகின்றன. ஆகவே பார்வையற்ற கோழியும் முட்டையிடும்; அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும்.

சிந்திக்க ஒரு கேள்வி

நெருக்கமான கூண்டுகளில் பார்வையற்ற கோழிகள் குறைவாகவே துன்புறும், ஆகவே பார்வையற்ற கோழி இனத்தையே உருவாக்கி வளர்க்கலாமே என்றொரு வாதம் உண்டு. அமெரிக்கத் தத்துவ அறிஞர் பால் தாம்சன் 2008-இல் இதை விரிவாக அலசினார். கூண்டின் குறையைத் தீர்க்கக் கோழியின் கண்ணைப் பறிப்பதா? நாம் செய்யக்கூடியது இதற்கு நேர் மாறானது. கோழியை மாற்றாமல் கூட்டை மாற்றுகிறோம்: கம்பைத் தாழ்த்துகிறோம், தட்டை நிலைப்படுத்துகிறோம், வெளிச்சத்தை உள்ளே விடுகிறோம்.

மருத்துவரே இனிப் பயனில்லை, வேதனைதான் மிஞ்சும் என்று சொல்லும் நிலையும் உண்டு. ஆனால் பார்வை போனது ஒன்றே காரணமாக ஒரு கோழியின் கணக்கை முடித்துவிட வேண்டியதில்லை. ஒரு தட்டு, ஒரு பஞ்சாரம், தினமும் ஒரே நேரத்தில் கேட்கும் ஓசை, கொஞ்சம் வெயில்: அதன் தேவை அவ்வளவே.