திசைகாட்டி இல்லாமல் 2,500 மைல்!

திசைகாட்டியும் கடல் படமும் இல்லாமல் எந்த மாலுமியாவது நடுச்சமுத்திரத்துக்குப் போவானா? போனார் ஒருவர்; போய்ச் சேர வேண்டிய தீவுக்கும் போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் மாவ் பியாலுக். பசிபிக் மகா சமுத்திரத்தில் சதவால் என்னும் சின்னஞ்சிறு தீவில் 1932-ல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா அவரைக் கடல்நீர்க் குட்டையில் கிடத்தி, நீரின் அசைவை உடம்பால் உணரப் பழக்கினாராம்.

முன்னோருக்கு வழி தெரியுமா?

ஹவாய் மக்களின் முன்னோர் தெற்கேயுள்ள தீவுகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் அவர்கள் வழி தெரிந்து வரவில்லை, காற்றும் நீரோட்டமும் கொண்டுவந்து ஒதுக்கியவர்களே என்று சில அறிஞர்கள் வாதித்தார்கள். அது தவறு என்று நிரூபிக்க, 1975-ல் ஹவாயில் பழைய பாணியில் இரட்டைத் தோணி ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு 'ஹொக்குலேயா' என்று பெயர். மகிழ்ச்சி நட்சத்திரம் என்று பொருள். நாம் சுவாதி என்கிறோமே, அந்த நட்சத்திரம்தான் அது!

தோணி தயார். ஆனால் கருவியின்றி அதைத் தஹிதி வரை செலுத்தத் தெரிந்தவர் ஹவாயில் ஒருவர்கூட இல்லை. மாவ் வரவழைக்கப்பட்டார்.

வானமே வரைபடம்

ஒரு நட்சத்திரம் உதிக்கும் இடம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. அது மேலே ஏறிவிட்டால், அதே இடத்தில் உதிக்கும் அடுத்த நட்சத்திரத்தை மாவ் பிடித்துக்கொள்வார். எல்லாம் மனப்பாடம்! மேகம் மூடினால் அலை இருக்கிறது. தொலைதூரக் காற்று எழுப்பும் பேரலை நாள்கணக்கில் திசை மாறாது. தோணி ஆடும் ஆட்டத்திலிருந்தே அவர் திசையைச் சொல்லிவிடுவார். கரை நெருங்கினால் பறவைகள் சொல்லும். ஆலாக்கள் காலையில் கடலுக்கு வந்து, மாலையில் தரைக்குத் திரும்பும். அவை போகும் பக்கம்தான் தீவு.

1976 மே 1-ந் தேதி தோணி புறப்பட்டது. பின்னால் ஒரு துணைக் கப்பல் வந்தது. ஆனால் வழி சொல்ல அதற்கு அனுமதியில்லை. பூமத்திய ரேகையைத் தாண்டியதும் துருவ நட்சத்திரமும் மறைந்துவிட்டது. மாவுக்கோ அந்தக் கடல் புதிது. ஆயினும் ஜூன் 4-ந் தேதி தோணி தஹிதியின் பப்பேட்டே துறைமுகத்தை அடைந்தது. வரவேற்கக் கூடியவர்கள் சுமார் 17,000 பேர்! முன்னோருக்கு வழி தெரிந்திருக்க முடியும் என்பது ருசுவாகிவிட்டது.

வித்தை யாருக்கு?

இந்த வித்தையைக் குலத்துக்கு வெளியே சொல்லித் தருவது சதவாலில் வழக்கமில்லை. ஆனால் சொந்த ஊர் இளைஞர்களோ அதைக் கற்க முன்வரவில்லை. தம்மோடு வித்தையும் போய்விடுமே என்று மாவ் கவலைப்பட்டார். ஊராரின் குறைகூறலைப் பொருட்படுத்தாமல், நைனோவா தாம்ஸன் என்ற ஹவாய் இளைஞருக்குக் கற்றுக்கொடுத்தார். 1980-ல் அந்த மாணவர் கருவி ஏதுமின்றித் தாமே தஹிதிக்குத் தோணியைச் செலுத்தினார். 2007-ல் அவரையும் வேறு நான்கு ஹவாய்க்காரர்களையும் சதவாலுக்கு வரவழைத்து, மாலுமிப் பட்டம் சூட்டினார் மாவ்.

2010-ல் மாவ் காலமானார். கற்றவர்கள் இன்றும் கடலில் இருக்கிறார்கள்.