மண் ஈரமாய் இருக்க, செடி ஏன் வாடுகிறது?

பயிர் மருத்துவ நிலையத்துக்கு நர்சரிகளிலிருந்து வரும் கனகாம்பரம், மல்லிகை, செம்பருத்திக் கன்றுகள், எல்லா மருந்தும் ஊற்றி முடித்த பிறகுதான் வந்து சேர்கின்றன. இலை வெளுத்ததும் யூரியா, அதற்கும் தேறாவிட்டால் நுண்ணூட்டக் கலவை, கடைசியில் கடைக்காரர் கையில் கொடுத்த குருணை. இத்தனைக்கும் நடுவில் ஒருவர்கூடக் கவரைக் கிழித்து வேரைப் பார்த்திருப்பதில்லை.

கழுவிப் பாருங்கள்

உச்சி வெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிரும் கன்று, தண்ணீர் ஊற்றியும் மறுநாள் துவண்டால் சந்தேகம் வேரின் மேல் இருக்கட்டும். மண்ணைக் கழுவினால் வேர் நெடுக மணி மணியாக வீக்கம் தெரியும். வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. பயறுச் செடியின் முடிச்சு விரலால் தள்ளினால் உதிரும். இது வேரோடு வேராகப் பருத்தது, உதிராது. கனகாம்பரத்தில் முடிச்சே போடாமல் வேரைக் கருக்கும் இன்னொரு நூற்புழுவும் உண்டு. அது போட்ட புண் வழியே வாடல் பூஞ்சாணம் நுழைந்துவிட்டால் செடி தேறுவது கடினம்.

கைவைத்தியங்கள்

'புழுவா? எங்கள் மண்ணில் ஒன்றையும் காணோமே' என்பார்கள். காணமுடியாது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத குஞ்சு அது.

'முடிச்சை நறுக்கிவிட்டு வேறு கவரில் வைத்தேன்' என்பது அடுத்தது. மிச்ச வேருக்குள்ளும் புழு இருக்கிறது. புதுக் கவரையும் கெடுத்ததுதான் லாபம். கொட்டகை நிழலில் நாலு நாள் மண்ணைக் காயப்போட்டாலும் ஆகாது. முட்டைகள் நூற்றுக்கணக்கில் கூழ் உறைக்குள் கிடக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் மாதத்துக்கு ஒரு தலைமுறை. உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு என்ன சொல்ல? புழுவுக்கு முன்னால் செடி போய்விடும்.

எனக்குப் பொறுமை போவது திம்மெட் விஷயத்தில். அந்த ஃபோரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை. இருந்தும் 'பழைய சரக்கு கொஞ்சம் இருக்கு சார்' என்கிறார்கள். அதைக் கவருக்குக் கவர் வெறுங்கையால் தூவுவது கூலிக்கு வரும் பெண்கள். குருணையில் உள்ள விஷம் தோல் வழியே ஏறும் என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்? எந்தக் குருணையானாலும், முடிச்சு விழுந்த வேரைப் பழையபடி ஆக்கித் தராது.

பரிசோதனை

வாடத் தொடங்கிய கன்றை ஈர மண்ணோடும் வேரோடும் பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டு வாருங்கள்.

வருமுன்

கெஞ்சித்தான் கேட்கிறேன், கவர் நிரப்பும் மண்ணில் கவனம் வையுங்கள். சித்திரை வெயிலில் மண்கலவையை அரையடி உயரத்துக்குப் பரப்பி, நனைத்து, தெளிந்த பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாளில் அவ்வளவு சூடு ஏறாது. பிறகு வேப்பம் பிண்ணாக்கோடு, நூற்புழு முட்டையைத் தின்னும் பர்ப்புரியோசிலியம் பூஞ்சாணத்தைத் தொழு உரத்தில் கலந்து சேருங்கள். கையோடு பூஞ்சாணக்கொல்லி ஊற்றி அதையும் கொன்றுவிடாதீர்கள், தயவுசெய்து.

கவர்களை வெறுந்தரையில் அடுக்க வேண்டாம். அடிவேர் தரைக்குள் இறங்கிப் புழுவை ஏற்றிக்கொள்ளும். இடைவெளியில் முளைக்கும் மணத்தக்காளியைப் பிடுங்கிவிடுங்கள், அதன் வேரிலும் இதே புழுதான். செத்த கன்றின் மண்ணை மறுபடி குவியலில் கொட்டாதீர்கள். வாங்க வந்தவர் 'ஒரு கவரைக் கிழித்துக் காட்டுங்கள்' என்றால் முகம் சுளிக்காமல் கிழியுங்கள். கெட்ட கன்று ஒன்று போனால், அவர் தோட்டம் முழுக்கப் பரவியதை எடுக்க எங்களாலும் ஆகாது.