தைராய்டு மாத்திரையும் சோயாப் பாலும்

தைராய்டு குறைவுக்குச் சிகிச்சை பெறுவோர் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "சோயா சாப்பிடலாமா?" என்பது. ஆரணியில் இக்கேள்வி பெரும்பாலும் பிரியாணியிலும் குருமாவிலும் இடம்பெறும் மீல் மேக்கரைப் பற்றியதே. பால் ஒத்துக்கொள்ளாத சிலர் சோயாப் பாலைப் பற்றியும் கேட்கின்றனர். சாப்பிடலாம் என்பதே எமது விடை. கவனிக்க வேண்டியது நேரம்.

சோயாவிலுள்ள ஐசோஃப்ளேவோன் என்னும் பொருள், ஆய்வுக்கூடச் சோதனைகளில் தைராய்டு நொதியின் வேலையைத் தடுக்கிறது. அச்சம் அங்கிருந்துதான் பரவியது. ஆனால் உடலில் அயோடின் போதிய அளவு இருப்பவருக்கு, வழக்கமான அளவில் உண்ணும் சோயா தைராய்டு குறைவை உண்டாக்குவதில்லை. ஆகவே சோயாவை விலக்குவதைவிட, வீட்டு உப்பைக் கவனிப்பது முக்கியம். கல் உப்பு வாங்குவோர், உறையில் அயோடின் சேர்க்கப்பட்டதென்ற குறிப்பு உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள். அதற்காக அயோடின் மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். மிகுதியான அயோடினும் சுரப்பியைப் பாதிக்கும்.

உண்மையான சிக்கல் மாத்திரையில் உள்ளது. லெவோதைராக்ஸின் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. சோயா, கால்சியம், இரும்புச்சத்து, காபி ஆகியவை அதனுடன் சேர்ந்து சென்றால் உறிஞ்சப்படும் அளவு குறைகிறது. அப்போது டிஎஸ்எச் அளவு உயரும். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். பின்னர் நோயாளி சோயாவை நிறுத்திவிட்டால், கூட்டிய மாத்திரை முழுவதும் உள்ளே சென்று படபடப்பு, கைநடுக்கம், உறக்கமின்மை ஆகியவற்றைத் தரும். நெடுநாள் தொடர்ந்தால் எலும்பும் தேயும். சோயாவைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் எம்மிடம் தெரிவிக்குமாறு கேட்பது இதனால்தான். 6 முதல் 8 வாரங்கள் கழித்து டிஎஸ்எச் பார்த்தால் நிலை தெளிவாகும்.

நம் ஊரில் இன்னொரு இடர் உண்டு. விடியுமுன் தறிக்குழியில் இறங்கும் நெசவாளர்கள், ஒரு டீயுடன் மாத்திரையையும் விழுங்கிவிடுகின்றனர். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும். அதன்பின் டீ, காபி, சிற்றுண்டி எதற்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்தல் வேண்டும். சோயா உணவுக்கும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் 4 மணி நேர இடைவெளி நல்லது. காலையில் இது இயலாதோர், இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்து உட்கொள்ளலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி, பாலுக்கு மாற்று. புரதத்தில் பசும்பாலுக்கு நெருங்கி வருவது சோயாப் பாலே. இரண்டிலும் 100 மில்லியில் ஏறத்தாழ 3 கிராம் புரதம் உண்டு. பாதாமை அரைத்து வடித்த பாலில் பெரும்பாலும் 1 கிராம்கூட இராது. நம் கடைகளில் விற்கும் 'பாதாம் பால்' வேறு. அது சர்க்கரையும் பாதாமும் சேர்த்த மாட்டுப் பால்தான். பால் ஒவ்வாதவர் அதை மாற்றாக எண்ணி அருந்துவதை நாம் கண்டிருக்கிறோம். தேங்காய்ப் பால் ஆப்பத்திற்கு நன்று. தினசரிப் பாலின் இடத்தில் வைக்கத் தக்கதன்று, அதில் கொழுப்பே மிகுதி. கால்சியம் சேர்த்த பெட்டிப் பால் வாங்கினால் நன்கு குலுக்கி ஊற்றுங்கள். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும். அதற்கும் மாத்திரையிலிருந்து இடைவெளி தேவை. கால்சியத்திற்குக் கேழ்வரகுக் கூழ் எளிய வழி. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். முதலில் அதை முயன்று பாருங்கள்.

பிறவியிலேயே தைராய்டு குறைவுள்ள குழந்தைக்குச் சோயாப் பால்மாவு கொடுக்க நேர்ந்தால், எம்மைக் கேளாமல் தொடங்க வேண்டாம். அக்குழந்தைக்கு மாத்திரையின் அளவு கூடத் தேவைப்படலாம். முதல் ஆண்டுகளில் அளவு குறைந்துபோனால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். கருவுற்ற பெண்களும் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், கருவுற்றது தெரிந்த அன்றே வந்து காட்டுங்கள்.