இணைய ஏலங்களில் அஞ்சல் கட்டணப் பேரம்

இணைய ஏலங்களில் அஞ்சல் கட்டணப் பேரம் என்பது, இணையவழி ஏலத்தில் விற்கப்படும் பொருளை அனுப்புவதற்கான செலவு குறித்து விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிவு செய்வதைக் குறிக்கும். இவ்வகை விற்பனையில் பொருளின் விலையை ஏலம் தீர்மானிக்கிறது. அஞ்சல் கட்டணத்தை விற்பவர் தனியாக அறிவிக்கிறார். எனவே விலையில் பேரம் பேச இடமில்லாத ஏலத்திலும் அஞ்சல் கட்டணத்தில் அதற்கு இடம் ஏற்படுகிறது. இது குறித்த வழக்கங்கள் பல ஈபே தளத்தின் பயன்பாட்டில் உருவானவை. ஏலம் கேட்பதற்கு முன்னரே பேரம் முடிந்துவிட வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானதாகும்.

பின்னணி

ஈபே தளம் 1995 செப்டம்பரில் பியர் ஓமிடியார் என்பவரால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆக்சன்வெப் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1997 இல் ஈபே எனப் பெயர் மாற்றம் பெற்றது. முன்பின் அறியாத இருவரை இணைத்துவிட்டு, விற்பனைத் தொகையில் ஒரு பங்கை இத்தளம் தரகாகப் பெற்றுக்கொள்கிறது. பொருளைப் பொதிந்து அனுப்புவது விற்பவரின் பொறுப்பாகும்.

நெடுங்காலம் இத்தரகு ஏலத்தொகைக்கு மட்டுமே கணக்கிடப்பட்டது. அஞ்சல் கட்டணம் கணக்கில் சேரவில்லை. எடுத்துக்காட்டாக, தரகு 10 விழுக்காடு எனக் கொள்வோம். ஒரு பொருள் 20 டாலர் விலைக்கும் 5 டாலர் அஞ்சல் கட்டணத்துக்கும் விற்றால் தரகு 2 டாலர் ஆகும். அதுவே 1 டாலர் விலைக்கும் 24 டாலர் அஞ்சல் கட்டணத்துக்கும் விற்றால் தரகு 10 சென்ட் மட்டுமே. வாங்குபவர் செலுத்துவது இரண்டிலும் 25 டாலர்தான். எனினும் இரண்டாவது முறையில் அவருக்கும் ஓர் இடர் உண்டு. பொருளைத் திருப்பி அனுப்பும்போது விலையை மட்டுமே திரும்பப் பெற முடியுமாயின், அவர் கைக்கு 1 டாலர்தான் வந்து சேரும்.

வாங்குவோரின் போக்கு

அஞ்சல் கட்டணத்தை வாங்குவோர் போதிய அளவு கவனிப்பதில்லை என்பதைப் பொருளியலாளர்களான தன்சிம் உசைன், ஜான் மார்கன் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இவர்கள் இசைக் குறுந்தட்டுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் ஈபேயில் 80 ஏலங்களில் விற்றனர். ஒரே பொருளை, ஒரு முறை 4 டாலர் தொடக்க விலையில் அஞ்சல் கட்டணமின்றியும், மற்றொரு முறை 1 சென்ட் தொடக்க விலையில் 3.99 டாலர் அஞ்சல் கட்டணத்துடனும் ஏலத்தில் விட்டனர். மொத்தத் தொடக்கத் தொகை இரண்டிலும் ஒன்றே. ஆயினும் இரண்டாவது முறையில்தான் பொதுவாகக் கூடுதல் வருவாய் கிடைத்தது. மொத்தத் தொடக்கத் தொகையை 8 டாலராக உயர்த்தியபோது குறுந்தட்டுகளில் இவ்வேறுபாடு தெளிவாகக் காணப்படவில்லை.

இதனைத் தவிர்க்கும் கணக்கு எளிது. ஒருவர் ஒரு பொருளுக்கு மொத்தம் 30 டாலர் தரலாம் என எண்ணினால், அறிவிக்கப்பட்ட அஞ்சல் கட்டணம் 6 டாலராக இருக்கும்போது, அவர் கேட்க வேண்டிய உச்சத் தொகை 24 டாலர் ஆகும்.

பேரத்துக்கு உரிய காலம்

ஏலம் முடிந்தபின் கட்டணத்தைக் குறைக்கக் கோருவது முறையற்றதாகக் கருதப்படுகிறது. ஈபே விதிகளின்படி ஏலம் எடுத்தவர் பொருளை வாங்கக் கடமைப்பட்டவர் என்பது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் ஏலத்தில் தோற்றவர்களைப் பற்றியது. அவர்களும் அறிவிக்கப்பட்ட அஞ்சல் கட்டணத்தைக் கழித்துக்கொண்டே ஏலம் கேட்டனர். வென்றவருக்கு மட்டும் பின்னர் 4 டாலர் குறைக்கப்பட்டால், அதே சலுகை கிடைத்திருந்தால் கூடுதலாகக் கேட்டிருக்கக்கூடிய ஒருவர் வாய்ப்பை இழக்கிறார். விற்பவரும் அந்தக் கூடுதல் தொகையை இழக்கிறார். விற்பவர் ஏலத்துக்குப்பின் கட்டணத்தை உயர்த்துவதும் இதே போன்று முறையற்றதாகும். செலவைக் குறைவாக மதிப்பிட்டிருந்தால் அந்த இழப்பை அவரே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஏலத்துக்கு முன் கேட்கப்படும் கேள்விக்கான விடையை விற்பவர் பொருளின் பக்கத்திலேயே வெளியிட்டால், ஏலம் கேட்பவர் அனைவருக்கும் ஒரே தகவல் கிடைக்கிறது.

ஏற்கத்தக்க கோரிக்கைகள்

கட்டணத்தைக் குறைக்கும்படி பொதுவாகக் கேட்பதைவிட, செலவைக் குறைக்கும் வழியொன்றைச் சுட்டிக் கேட்பதே மதிக்கப்படுகிறது. அத்தகைய கோரிக்கைகள் சில:

* மலிவான அஞ்சல் வகை: அமெரிக்க அஞ்சல் துறையின் மீடியா மெயில் சேவையில் நூல்களையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் குறைந்த கட்டணத்தில் அனுப்பலாம். பொருள் சென்றுசேரக் கூடுதல் நாட்கள் ஆகலாம்.
* பொதியின் அளவு: ஐக்கிய இராச்சியத்தின் ராயல் மெயில் நிறுவனம் 2006 ஆகத்து முதல் எடையுடன் அளவையும் கொண்டு கட்டணம் விதிக்கிறது. பெரிய கடிதம் என்னும் வகைக்குத் தடிமன் 25 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது. மெலிதாகப் பொதிந்தாலே கட்டணம் குறையக்கூடும்.
* ஒருங்கே அனுப்புதல்: ஒருவரிடமே பல பொருட்களை வாங்கும்போது அவற்றை ஒரே பொதியில் அனுப்பக் கோரலாம். இதற்குத் தனித்தனியாகப் பணம் செலுத்தாமல், விற்பவர் மொத்தத் தொகையைத் தெரிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.
* நேரில் பெறுதல்: அருகில் வசிப்பவர் நேரில் சென்று பெற்றுக்கொள்ள அனுமதி கேட்கலாம்.

கேள்வியுடன் நாட்டையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் குறிப்பிடுவது, விற்பவர் செலவைச் சரியாகக் கணக்கிட உதவும்.

தவிர்க்க வேண்டியவை

பொதியின் மேல் ஒட்டப்பட்ட அஞ்சல்தலைகளின் மதிப்பைக் கூட்டிப் பார்த்து, எஞ்சிய தொகையைத் திருப்பிக் கேட்பது பிணக்குகளுக்கு வழிவகுக்கும். அட்டைப்பெட்டி, காற்றுக்குமிழ்த் தாள், ஒட்டுநாடா, அஞ்சலகம் சென்றுவரும் செலவு ஆகியவை அஞ்சல்தலையில் தெரிவதில்லை. சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடுவது வாங்குபவருக்கும், பெருந்தொகை மிஞ்சினால் கேளாமலே திருப்பித் தருவது விற்பவருக்கும் நன்னடத்தையாகும்.

கட்டணத்தைக் குறைக்காவிடில் எதிர்மறைப் பின்னூட்டம் இடுவதாக மிரட்டுவதை ஈபே விதிகள் தடை செய்கின்றன. வரியைக் குறைப்பதற்காக வெளிநாட்டுப் பொதியில் அன்பளிப்பு எனப் பொய்யாகக் குறிக்கும்படி கேட்பது சுங்கச் சட்டத்துக்கு எதிரானது.

வழக்கத்திலிருந்து விதிக்கு

மிகையான அஞ்சல் கட்டணம் வாங்குவதை ஈபே விதி மூலம் தடை செய்தது. 2007 இல் அறிமுகமான விரிவான மதிப்பீட்டு முறையில், அஞ்சல் கட்டணம் நியாயமானதா என்பதற்கு வாங்குபவர் 1 முதல் 5 வரை விண்மீன்கள் வழங்க முடிந்தது. 2008 மே மாதம் முதல், விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு எதிர்மறைப் பின்னூட்டம் இட முடியாதவாறு விதி மாற்றப்பட்டது. இதனால் பழிவாங்கலுக்கு அஞ்சாமல் முறையிட வாங்குபவர்களுக்கு வழி கிடைத்தது. அதே வேளை, பேரத்தில் விற்பவரின் கை தளர்ந்தது.

2011 சூலை முதல் அமெரிக்காவில் அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்தே தரகு கணக்கிடப்பட்டது. இதனால் விலையைக் குறைத்துக் கட்டணத்தை உயர்த்துவதில் இருந்த தரகு ஆதாயம் நீங்கியது. விலையையும் கட்டணத்தையும் கூட்டிப் பொருட்களை வரிசைப்படுத்தும் வசதியும் மொத்தச் செலவை ஒப்பிட உதவுகிறது. ஆயினும் எடை மிகுந்த பொருட்கள், எளிதில் உடையும் பொருட்கள், தொலைநாடுகளுக்குச் செல்வன ஆகியவற்றின் செலவை முன்கூட்டி மதிப்பிடுவது கடினம். அவற்றுக்கு ஏலம் கேட்கும் முன் விற்பவரிடம் கட்டணத்தைக் கேட்டறிவதே பாதுகாப்பான வழியாகும்.